அம்மாயிக்குப் போட்ட நாற்காலி

வணக்கம். இன்றைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்றுச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "ஜெயலலிதா சொத்துக் குவித்தார் என்று கோர்ட்டே சொன்ன பிறகும் அவரையே எப்படிக் கொண்டாடுகிறார்கள்? இந்த ஜனங்களுக்கு அறிவே இல்லையா?" அந்தக் கடைசி வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஜனங்களில் எங்கள் அம்மாயியும் ஒருவர். என் அம்மாவைப் பெற்றவர். ஓமலூர்ப் பக்கம் கிராமம். களையெடுக்கப் போய், கூலி வாங்கி, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். கடைசி வரைக்கும் இரட்டை இலை. அவருக்கு அறிவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால் இன்றைக்கு ஜெயலலிதாவைப் பற்றிப் பேசுவதை விட, அம்மாயியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றத்தின் தீர்ப்பு. நான்கு ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். பதவியில் இருக்கும்போதே தண்டனை வாங்கிப் பதவியை இழந்த முதல் முதலமைச்சர் ஆனார் ஜெயலலிதா. ஊரில் கடைகளெல்லாம் சாத்திவிட்டார்கள். அம்மாயி திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலையில் கரைத்து வைத்த கம்பங்கூழ் அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

என் மாமா, அதாவது அம்மாயியின் சொந்த மகன், தி.மு.க. அவர் உள்ளே வந்தார். "என்னம்மா, உங்க அம்மா உள்ள போயிட்டாங்களாமே?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பக்கத்தில் போய், "நிஜமாவே எடுத்திருப்பாங்களா அம்மாயி?" என்று கேட்டேன்.

"எடுத்திருப்பா. எனக்குத் தெரியாதா கண்ணு? எல்லாரும் எடுத்தாங்க. எனக்கு நாற்காலி போட்டது யாரு?"

அந்த நாற்காலிக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், என் சித்திக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பார். ஒரு நாள் காது கிழிந்து ரத்தத்தோடு சித்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மாயி கூட்டிக்கொண்டு ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். காலையிலிருந்து சாயந்திரம் வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். கடைசியில் வந்த ஒருவர், "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் இங்க வருவியா?" என்று விரட்டிவிட்டார்.

அடுத்த வாரம் யாரோ சொல்லி டவுனில் இருந்த மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஜெயலலிதா ஆட்சியில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. அங்கே காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் எஸ்.ஐ. எழுந்து வந்து, இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அம்மாயிக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். அரசாங்க ஆபீஸ் எதிலும் அதுவரைக்கும் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. முதலில் உட்காரவே பயமாக இருந்ததாம். "சேலையில மண்ணு இருந்துச்சு கண்ணு, நாற்காலி அழுக்காயிடுமேன்னு பார்த்தேன்" என்பார்.

இப்போது கணக்குப் பார்க்கலாம். 1991-லிருந்து 1996 வரை முதலமைச்சராக இருந்தபோது, மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் என்று அறிவித்திருந்தார் ஜெயலலிதா. அந்த ஐந்து வருஷத்தில் வருமானத்துக்கு மேல் சேர்த்ததாக அரசுத் தரப்பு சொன்ன தொகை 66 கோடியே 65 லட்சம். நாளெல்லாம் வெயிலில் குனிந்து கூலி வாங்கிய பெண்ணுக்கு 66 கோடி என்பது எண்ணே இல்லை, ஏதோ தூரத்துச் சத்தம். அது தன்னிடமிருந்து எடுக்கப்பட்ட பணம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நாற்காலி அப்படியல்ல. தன் உடம்பு அதில் உட்கார்ந்தது. நாம் 66 கோடியைச் சொல்லிச் சொல்லி வாதாடுகிறோம். அவர் நாற்காலியை நினைத்து வாதாடுகிறார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

சரி, அதற்காக அம்மாயி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டாரா? அதுவும் இல்லை. 1995 செப்டம்பரில் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாணம் நடந்ததே, ஞாபகமிருக்கும். சென்னையே பந்தலானது போல. அந்தப் படங்களைப் பேப்பரில் பார்த்துவிட்டு அம்மாயி சொன்னாராம், "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று. 1996 தேர்தலில் உதயசூரியனுக்குப் போட்டார். வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தடவை. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்தது நான்கே இடம். எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துப் பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அப்போதும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அந்தக் கட்சிக்குப் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் இல்லை. கேட்டார்கள், ஓட்டால் கேட்டார்கள்.

பிறகு எப்படி அம்மாயி திரும்பிப் போனார்? இதைத்தான் நான் பல வருஷமாக யோசிக்கிறேன்.

1996 டிசம்பரில் ஜெயலலிதா கைதானார். போயஸ் கார்டன் வீட்டில் சோதனை. நகை, சேலை, செருப்பு எல்லாம் டிவியில் வந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, திரும்பத் திரும்ப. மாமா பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார். அம்மாயிக்கு அந்தச் செருப்புகளின் எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை. "ஒரு பொம்பளையோட பீரோவத் தொறந்து ஊருக்கே காட்டறாங்களே, இதே ஆம்பளைன்னா காட்டுவாங்களா?" அந்தக் கேள்விதான் நின்றது. அதற்கு முன்னால் 1989 மார்ச் 25-ல் சட்டப்பேரவையிலிருந்து தலை கலைந்து வெளியே வந்து, தன் சேலையை இழுத்தார்கள் என்று ஜெயலலிதா சொன்னதும் நினைவுக்கு வந்திருக்கும். தி.மு.க. தரப்பு அதை இன்றுவரை மறுக்கிறது. எது நடந்தது என்பது ஒரு பக்கம். வேப்பமரத்தடியில் நின்று விரட்டப்பட்ட ஒரு பெண் எதை நம்புவார் என்பது இன்னொரு பக்கம்.

கவனித்துப் பாருங்கள். தப்பைக் காட்டியபோது அம்மாயி கட்சியை விட்டு விலகினார். கேலி செய்தபோது திரும்பி வந்து ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு தலைவியை விட்டுக்கொடுப்பது என்றால், சிரித்தவர்களிடம் தோற்பது என்று ஆகிவிட்டது. 2001-ல் அ.தி.மு.க. 132 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. அதற்குக் கூட்டணி உட்பட எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போன ஒரு ஓட்டுக்குக் காரணம் இதுதான்.

மாமாவை மட்டும் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அதில்தான் மாமாவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படித்த முதல் ஆள். அந்த அட்மிஷன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். அதனால் கருணாநிதி ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் என்றால் "அதெல்லாம் எமர்ஜென்சி காலத்துப் பழிவாங்கல்" என்பார். குடும்ப ஆதிக்கம் என்றால் "உங்க தலைவிக்கு சசிகலா இல்லையா?" என்பார். 2007 மே 9-ல் மதுரையில் தினகரன் நாளிதழ் அலுவலகத்தைக் கொளுத்தி மூன்று ஊழியர்கள் செத்தார்கள். கருணாநிதியின் அடுத்த வாரிசு யார் என்ற ஒரு கருத்துக்கணிப்புக்காக. முதலில் எல்லோரும் விடுதலை ஆனார்கள், 2019-ல்தான் உயர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதைப் பற்றி மாமா ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

2001 ஜூன் 30, கருணாநிதியை நள்ளிரவில் கைது செய்தார்களே, அன்றைக்கு இரண்டு பேருக்கும் ரிமோட்டுக்காகவே சண்டை. சன் டிவியில் ஒரு காட்சி, ஜெயா டிவியில் அதே இரவின் வேறு காட்சி. மாமா அழுதார். தன் தகப்பனாரை இழுத்துக்கொண்டு போவது போல அழுதார். அம்மாயி, "இப்ப வலிக்குதா?" என்று கேட்டார். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. பெற்ற மகன் அழுகிறான், தாய் அப்படிக் கேட்கிறார். இரண்டு கட்சிகளும் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தவை நிறைய. எடுத்துக்கொண்டது இது.

அன்புக்கு ஒரு எல்லை வைக்காவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, ஓமலூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் போதும். தர்மபுரி, இலக்கியம்பட்டி. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதியை மீறி மாடி கட்ட அனுமதி கொடுத்ததாகப் போட்ட வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்த நாள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பஸ்ஸை அ.தி.மு.க.காரர்கள் கொளுத்தினார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே எரிந்து போனார்கள். அடுத்த வருஷமே அந்த ஓட்டல் வழக்கில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்துவிட்டது. கொளுத்திய மூன்று பேருக்கும் தூக்கு விதித்தார்கள், 2016-ல் அது ஆயுள் தண்டனை ஆனது.

அந்த பஸ்ஸைக் கொளுத்தியவர்களை எப்படிப்பட்டவர்கள் என்று நினைக்கிறீர்கள்? நாம் தெருவில் தினமும் பார்க்கிற மாதிரி, கட்சிக் கரை வேட்டி கட்டிய ஆட்கள்தான். தலைவிக்குக் கஷ்டம் என்றதும் கையில் கிடைத்ததை எரித்தார்கள். தலைவர்கள் இதைத் தடுக்க நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது என் திடமான எண்ணம். காலில் விழுவதை ரசித்தவர்களுக்கு, தீக்குளிப்பவர் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு, இந்த விசுவாசம் எங்கே போகும் என்று தெரியாமல் இருந்திருக்காது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 மே மாதம் சொத்து வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 2016-ல் மறுபடி ஜெயித்தார். ஆளுங்கட்சியே திரும்ப வந்தது 1984-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த டிசம்பர் 5-ல் இறந்தார். 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம், பெங்களூருத் தீர்ப்புதான் சரி என்றது. ஜெயலலிதா உயிரோடு இல்லாததால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. சசிகலா உட்பட மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். அம்மாயி அந்தத் தீர்ப்பைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த படத்துக்கு வழக்கம் போலப் பூ வைத்தார்.

ஆனால் 2018 நவம்பரில் ஒரு நாள், நான் அங்கே இருந்தேன். பஸ்ஸைக் கொளுத்திய மூன்று பேரையும் வேலூர்ச் சிறையிலிருந்து விடுதலை செய்துவிட்டார்கள் என்று செய்தி. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக அ.தி.மு.க. அரசு செய்த ஏற்பாட்டில். மாமா வாயைத் திறக்கப்போனார், வழக்கமான குத்தலுக்குத்தான். அதற்குள் அம்மாயி கையில் இருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டு, டிவியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் புள்ளைங்களப் பெத்தவங்களுக்கு எவன்டா நாற்காலி போட்டான்?"

மாமா பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அம்மாயியின் கட்சியைப் பற்றிய பேச்சில் அவர் சிரிக்காமல் இருந்த முதல் நாள் அது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாயி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவரும் கீரை ஆய ஆரம்பித்தார்.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல். அம்மாயிக்கு நடக்க முடியாது. மாமாதான் வண்டியில் உட்கார வைத்து பூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், உதயசூரியன் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு. திரும்பி வந்ததும் நான் கேட்டேன், "யாருக்கு அம்மாயி?"

மை வைத்த விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "ரெட்டலைதான்" என்றார். "ஆனா இந்தத் தடவை யோசிச்சுப் போட்டேன்."