தமனிக்குள் வீசிய காற்று

அனைவருக்கும் வணக்கம்.

மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே துடிப்பது தமனி. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் 'தமனி' என்றால் என்ன?

வடமொழியில் 'தம்' என்பது ஊதுதலைக் குறிக்கும் வேர். தமனி என்றால் ஊதுகுழல்! இரத்தம் ஓடுகிற குழாய்க்கு ஊதுகுழல் என்று ஏன் பெயர் வந்தது?

இங்கே கிரேக்கர்களையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் 'ஆர்ட்டரி', கிரேக்கத்தின் 'ஆர்ட்டீரியா'விலிருந்து வந்தது. மூச்சுக்குழாயையும் அவர்கள் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். பிரித்துக் காட்ட 'சொரசொரப்பான ஆர்ட்டீரியா' என்றார்கள். 'சொரசொரப்பான' என்ற அடைமொழிதான் இன்றைய 'ட்ரக்கியா'.

காரணம் இருக்கிறது. இறந்த உடலை அறுத்தால் இரத்தம் பெரும்பாலும் சிரைகளில்தான் தேங்கியிருக்கும். தமனிகள் வெறுமையாகக் கிடக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த எராசிஸ்ட்ராட்டஸ் என்ற கிரேக்க மருத்துவர், தமனியில் ஓடுவது உயிர்க்காற்று என்றார். சரி, உயிருள்ளவரின் தமனியை வெட்டினால் இரத்தம் பீறிடுகிறதே? காற்று வெளியேறிய இடத்தை நிரப்பச் சிரையிலிருந்து இரத்தம் பாய்ந்து வருகிறது என்றார். கண்ணால் கண்டதற்குக் காரணம் தேடிய ஒரு மனிதரின் விடை இது. இதைத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து காலென் என்ற இன்னொரு கிரேக்க மருத்துவர், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவில் திறந்தார். உள்ளே இரத்தம் இருந்தது. கருத்து மாறியது, பெயர் மாறவில்லை.

அப்புறம் நம் வீட்டுச் சொல் ஒன்று: பக்கவாதம். வாதம் என்றாலும் காற்றுதான். சித்த மருத்துவம் சொல்லும் வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்ற மூன்றில் முதலாவது. உடம்பின் அசைவெல்லாம் காற்றின் வேலை என்று எண்ணியவர்கள், ஒரு பக்கம் அசையாமல் போனதைக் காற்றின் கோளாறு என்றார்கள். இன்று நமக்குத் தெரியும்: பெரும்பாலும் மூளைக்குப் போகும் ஒரு தமனியில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. சிலருக்குக் குழாய் வெடிக்கிறது. ஊதுகுழல் அடைபட்ட நோய்க்குக் காற்றின் பெயர்!

இதை ரசிக்கும்போதே எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. வாதம்தானே, வாயு பிடித்திருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.