மனை இல்லாதவருக்கும் ஒரு வீடு

பெரியோர்களே, ஆச்சிமாரே, கொத்தனார் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மாரே, வணக்கம்.

காரைக்குடியில் நின்று வீட்டைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடு கட்டியவர்களின் சீமை இது. நான் பேசப்போவது 360 சதுர அடி வீட்டைப் பற்றி.

தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் உங்களுக்குத் தெரியும். குடிசைகளுக்குப் பதிலாக 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. 2024-25இல் 1 லட்சம் வீடுகள், ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் கணக்குப் பிள்ளைகளின் ஊரல்லவா, அந்தப் பணத்தை 360 சதுர அடிக்கு வகுத்துப் பாருங்கள். சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. இந்த விலைக்கு முடித்துத் தருவீர்களா என்று முன்வரிசை அண்ணனைக் கேட்டால் சிரிப்பார். பாருங்கள், சிரிக்கிறார்.

அந்தப் பணமும் கட்டக் கட்டத்தான் வரும். அஸ்திவாரம் போட்டு, போட்டோ எடுத்து, அப்புறம் தவணை. முதல் லோடு எம்சாண்டுக்கும் சித்தாள் கூலிக்கும் யார் கொடுப்பது? தோடும் செயினும் அடகுக் கடைக்குப் போகின்றன. கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வட்டி வந்து குடியேறிவிடுகிறது.

இதையாவது சமாளிக்கலாம். மனைக்கு என்ன செய்வது? இந்தத் திட்டத்துக்குச் சொந்த இடம் வேண்டும், பட்டா வேண்டும். நகரங்களுக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும், தானே கட்டிக்கொள்கிறவர் தன் மனையைக் காட்ட வேண்டும். ஆத்தங்குடிக் கல் வார்க்கிறவர், பெரிய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைப் பழுது பார்க்கிறவர், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண் என்று வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு அதில் வழியில்லை. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. அதனால் வாடகை இறங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

அரசு மனை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலைப் பாருங்கள். அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் இடத்தில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024இல் திறக்கப்பட்டது. அங்கே பெரிய தொழிற்சாலை இருந்தது, நடந்தது. பத்துப் பேர், இருபது பேர் என்று சிதறிக் கிடக்கும் நம் பட்டறைகளுக்கு யார் கட்டுவார்கள்? கம்பெனிக்கு லாபம் வேண்டும். அரசுத் துறையோ கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும்; ஆறு மாதத்தில் மோட்டார் காயில் எரிந்தால் ஆள் தேட வேண்டும்.

லாபம் எடுக்காத அறக்கட்டளைகள் அங்கேதான் தேவை. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் மாநகராட்சி வசம் மட்டும் சுமார் 2,20,000 வீடுகள். அதற்கு மேல், கட்டிய செலவை ஒட்டி வாடகை வாங்கும் சங்கங்களும் உண்டு. மிஞ்சுகிற பணம் மறுபடி வீட்டுக்கே போக வேண்டும் என்பது சட்டம். இதைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். காசியிலும் ராமேஸ்வரத்திலும் விடுதி கட்டிய நகரத்தார் அதில் பங்கு பிரித்துக்கொண்டார்களா? புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டுக் கோயில் நடத்துகிறவர்களுக்கு, தர்மச் சொத்தை வைத்து நிர்வகிக்க வெளியூர்க்காரர் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பிளானும் இங்கேயே இருக்கிறது. நடுவில் வளவு என்கிற முற்றம், சுற்றிலும் கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, தனி அடுப்பு. முற்றமும் கிணறும் பொது. வாடகைக் குடியிருப்புக்கு இதைவிட நல்ல யோசனையை நான் எந்த இன்ஜினியரிடமும் கேட்டதில்லை. இத்தனைக்கும் நானே இன்ஜினியர்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது, பெயரளவு குத்தகையில் நீண்ட காலத்துக்கு இடம். வேலை தொடங்கும் முன்பே குறைந்த வட்டியில் கடன். மானியம் அதற்கு அப்புறம். 2024 செப்டம்பரில் வந்த, நகரங்களுக்கான அந்தப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீட்டுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கேட்பதற்கு வாசல் திறந்துதான் இருக்கிறது.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. இடத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பவர் பத்திரத்தில் கை மாறிக்கொண்டே போகும். வாடகையில் ஒரு பங்கு செப்டிக் டேங்குக்கும் மோட்டாருக்கும் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் வக்கீல் அண்ணன்மார் பத்திர வாசகத்தை எழுதித் தரட்டும். திங்கள்கிழமை சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். மனுவோடு காலை பஸ்ஸில் என்னுடன் வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.