ஜன்னலோரத்தில் அம்மா, வானத்தில் நிலா

நேயர்களுக்கு வணக்கம்.

போனில் படம் எடுப்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்க வேண்டிய விஷயத்தைக் காதால் கேட்கப் போகிறீர்கள். ஆனால் உங்கள் கைகள் இரண்டும் இப்போது சும்மாதான் இருக்கின்றன. போன் பக்கத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லச் சொல்லச் செய்து பார்க்கலாம். முதல் வேலையாகப் பின்பக்க லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். விரல் பிசுக்கு படிந்த லென்ஸை வைத்துக்கொண்டு எந்த செட்டிங்கை மாற்றினாலும் பலன் இல்லை. விளக்கைச் சுற்றிப் புகை போல ஒளி படர்ந்திருக்கும் படங்கள் உங்களிடம் இருந்தால், அதற்குப் பெரும்பாலும் அந்தப் பிசுக்குதான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காலை நேரம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்து, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு மின்னிக்கொண்டிருந்தது. அழகாக இருந்ததால் போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். படத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரம் இலை இலையாகத் தெரிந்தது. அம்மா வெறும் கறுப்பு உருவமாக இருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நிறைய யோசித்தேன். போன் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தது. கேமரா எதைப் பார்த்தாலும் அதன் வெளிச்சத்தை அளந்து, மொத்தத்தையும் ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன் மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஏறக்குறைய அந்த அளவைத்தான் கேமராவும் தேடுகிறது. ஜன்னல் முழுக்க வெளிச்சம் நிறைந்திருந்ததால் அது மொத்தத்தையும் இறக்கிவிட்டது. அதோடு சேர்ந்து அம்மாவின் முகமும் இறங்கிவிட்டது. இப்போது வரும் போன்கள் முகத்தை அடையாளம் கண்டு கொஞ்சம் ஈடுசெய்கின்றன என்பது உண்மை. ஆனாலும், மரம் தெரிய வேண்டுமா முகம் தெரிய வேண்டுமா என்பது அதற்கு எப்படித் தெரியும்? அங்கே நின்ற எனக்குத்தான் தெரியும். மேனுவல் செட்டிங் என்று சொல்வதெல்லாம், எனக்குத் தெரிந்த அந்த ஒன்றைப் போனுக்குச் சொல்லும் வழிதான். எல்லா முடிவையும் நாமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போனுக்குத் தெரிய வாய்ப்பில்லாத முடிவை மட்டும் எடுத்தால் போதும்.

இதற்கு, எல்லா அளவுகளையும் நாமே மாற்றும் புரோ மோடு கூடத் தேவைப்படாது. கேமராவைத் திறந்து, திரையில் தெரியும் முகத்தை விரலால் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியனோ கோடோ வரும். அதை மேலே இழுத்தால் படம் வெளுக்கும், கீழே இழுத்தால் இருளும். தொட்ட இடத்திலேயே விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஃபிரேமை நகர்த்தினாலும் மாறாது. முகத்துக்காக வெளிச்சத்தை ஏற்றினால் ஜன்னல் வெள்ளையாக வெந்துபோகும். போகட்டும். அந்தப் படத்தில் ஜன்னல் எனக்கு முக்கியம் இல்லை.

கறுப்புப் பூனையைப் படம் எடுத்தால் சாம்பல் பூனையாக வருவதும் இதே கணக்கால்தான். இருட்டாக இருக்கிறதே என்று கேமரா ஏற்றிவிடுகிறது. வெள்ளைச் சுவரும் பனி மூடிய நிலமும் அழுக்கேறினாற்போல் விழுவது இதற்கு நேர் எதிர். கறுப்புக்கு ஒரு படி இறக்குங்கள், வெள்ளைக்கு ஒரு படி ஏற்றுங்கள். வானமோ விளக்கோ ஃபிரேமில் முக்கியமாக இருந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுப்பது நல்லது. நிழலுக்குள் இருப்பதைப் பிறகு ஓரளவு மீட்கலாம். முழுவதும் வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது.

சரி, இப்போது புரோ மோடுக்கு வருவோம். 2013-இல் வந்த நோக்கியா லூமியா 1020-இல் ஷட்டரையும் ஃபோகஸையும் விரலால் திருப்பும் வசதி இருந்தது. அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு 5.0, ஐ.ஓ.எஸ். 8 இரண்டும், செயலி எழுதுபவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகளைத் திறந்துவிட்டன. இன்று பல ஆண்ட்ராய்டு போன்களில் புரோ என்றோ மேனுவல் என்றோ ஒரு பிரிவு இருக்கிறது. ஐபோனோடு வரும் கேமரா செயலியில் ஷட்டர் வேகத்தை நேரடியாக மாற்ற வழி இல்லாததால், ஹாலைட் போன்ற வேறொரு செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும்.

அதைத் திறந்ததும் நாலைந்து எழுத்துகளும் எண்களும் வரிசையாக நிற்கும். பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். முதல் ஒரு மாதத்துக்கு ஷட்டரை மட்டும் பழகுங்கள் என்பது என் யோசனை. மற்றதெல்லாம் ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

ஷட்டர் என்பது நேரம். திரையில் 1/30 என்று இருந்தால், ஒரு நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரம் ஒளி உள்ளே வருகிறது. அந்த நேரத்துக்குள் எது நகர்ந்தாலும் அது படத்தில் கோடாக இழுபடும். வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் ஆட்டோவை நம்பினால், பல நேரம் 1/30-க்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். அசையாத நாற்காலிக்கு அது போதும், ஓடுகிற குழந்தைக்குப் போதாது. நடப்பவருக்கு 1/125 அல்லது 1/250, ஓடும் பிள்ளைகளுக்கு 1/500, தெறிக்கும் தண்ணீருக்கு 1/1000 என்று வைத்துப் பாருங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி பல போன்களில் இருக்கிறது. அது உங்கள் கை அசைவைத்தான் ஈடுகட்டும். எதிரே ஓடும் குழந்தையின் அசைவுக்கு ஷட்டர் ஒன்றுதான் மருந்து.

குழாயடியில் இதைச் சோதித்துப் பாருங்கள். குழாயை மெல்லத் திறந்து, பகல் வெளிச்சம் படும்படி வைத்துக்கொண்டு 1/1000-இல் ஒரு படம் எடுங்கள். தண்ணீர் மணிமணியாக, கண்ணாடிக் குண்டுகள் போல நிற்கும். அதே தண்ணீரை 1/30-இல் எடுத்தால் பட்டு நூல் போல விழும். நம் கண் பார்த்தது இந்த இரண்டில் ஒன்றுமே இல்லை. இதை முதன்முதலில் செய்து பார்த்த நாளில், குழாயை மூட மனமில்லாமல் நெடுநேரம் நின்றிருந்தேன்.

ஊஞ்சலில் ஆடும் குழந்தையைப் படம் எடுக்கும்போது இன்னொன்று கற்றுக்கொண்டேன். வெளிச்சம் குறைவாக இருந்து, ஷட்டர் வேகத்தை 1/60-க்கு மேல் ஏற்ற முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் வேகமே இல்லாமல் நிற்கும். அந்தக் கணத்தில் எடுத்தால் 1/60-லும் முகம் தெளிவாக விழும். குதிப்பவர்களுக்கும், எகிறும் பந்துக்கும் இது பொருந்தும். இப்படி எண்ணைப் பார்த்துப் பழகிய பிறகு, அசைவையே வேறு விதமாகக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறோம். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வரும் இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. போனுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், மங்கிய நேரத்தில் படித்த வரிகள் இருண்டுவிடுகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் போய்விடும். நொடிக்கு 60 சுற்று வரும் நாடுகளில் 1/60 அல்லது 1/120.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் ஒளி வரும் நேரம் குறைந்து படம் இருளும். அந்த இருட்டை ஈடுசெய்ய இருப்பது ஐ.எஸ்.ஓ. ஷட்டர் நேரம் பாதியானால் வெளிச்சமும் பாதியாகும். ஐ.எஸ்.ஓ.வை இரட்டித்தால் பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் ஐ.எஸ்.ஓ. புதிதாக எந்த ஒளியையும் கொண்டுவருவதில்லை. உள்ளே வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. மெல்லிய பேச்சை ஒலிபெருக்கியில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுவது போல, படத்தில் மணல்மணலாகப் புள்ளிகள் தெரியும். 50, 100 என்ற அளவில் படம் சுத்தமாக இருக்கும். 800-ஐத் தாண்டும்போது பல போன்களில் புள்ளிகள் கண்ணில் படும். அதற்காக ஐ.எஸ்.ஓ.வைக் கண்டு பயந்து ஷட்டர் வேகத்தை இறக்காதீர்கள். புள்ளி விழுந்த முகத்தை நாலு வருடம் கழித்தும் ஆசையாகப் பார்ப்போம். அசைந்து கலங்கிய முகத்தை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை.

பெரிய கேமராவில் அபெர்ச்சர் என்ற துவாரத்தைத் திறந்து மூடலாம். 2018-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 9 போன்ற சில மாடல்களை விட்டால், போனில் அது மாறாது. முதன்மை லென்ஸின் துவாரம் பல போன்களில் எஃப் 1.8 என்ற அளவுக்குப் பக்கத்தில், அதாவது நன்றாகத் திறந்தே இருக்கும். இதனால் ஒரு சிக்கல் வருகிறது. நடுப்பகல் வெயிலில், ஐ.எஸ்.ஓ. 50 வைத்தாலும் ஷட்டர் 1/4000 வரை போக வேண்டியிருக்கும். அருவியைப் பால் போல இழுத்துக் காட்ட ஆசைப்பட்டு அந்த வெயிலில் கால் நொடி வைத்தால், தேவையைப் போல 1000 மடங்கு ஒளி உள்ளே வந்து படம் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்த பிறகோ போங்கள். இல்லையென்றால் லென்ஸின் முன்னால் மாட்டும் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை, நிறம் தொலைந்துபோகும் நேரங்களில் மட்டும் தொட்டால் போதும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 1900, பழைய குண்டு பல்பு 2700, நடுப்பகல் வெயில் 5500, நிழலான இடம் 7000-க்கு மேல். ஆட்டோவில் விட்டால் போன் எல்லா ஒளியையும் வெள்ளையாக்கப் பார்க்கும். அந்திப் பொன்னிறம் படத்தில் காணாமல் போவது இதனால்தான். 5500-இல் நிறுத்தி வையுங்கள், பொன்னிறம் தங்கும். ஒரு இடத்தில் எல்லோருக்கும் குழப்பம் வரும். எண்ணைக் கூட்டினால் படம் நீலமாகும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் மஞ்சளாகும். வந்திருப்பது நீல ஒளி என்று கேமராவிடம் சொல்கிறோம், அதைச் சரிக்கட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது.

ஃபோகஸைக் கையால் நகர்த்த வேண்டிய நேரங்கள் குறைவு. கம்பி வலைக்கு அப்பால் நிற்கும் பறவை, மழைத்துளி படிந்த கண்ணாடி, சிலந்தி வலை. இந்த மாதிரி இடங்களில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைபாயும். அப்போது கையால் நிறுத்துங்கள். சில போன்களில், தெளிவாக இருக்கும் விளிம்புகள் நிறம் பூசியது போல மின்னிக் காட்டும்.

ஆட்டோவே ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். இரவில், கையில் பிடித்தபடி, அசையாத ஒன்றை எடுக்கிறீர்கள் என்றால் நைட் மோடுக்கே விட்டுவிடுங்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தி, புள்ளிகளைக் குறைக்கிறது. புரோ மோடில் பல போன்கள் ஒற்றைப் படம்தான் எடுக்கும். இதைத் தெரியாமல், மேனுவலில் எடுத்தும் சரியாக வரவில்லையே என்று பலர் மனம் உடைந்துபோகிறார்கள். ஆனால் நைட் மோடு இருக்கும்போது எதிரே ஆள் அசைந்தால் அதுவும் தடுமாறும். அங்கே மறுபடி ஷட்டருக்கு வர வேண்டியதுதான். சென்சார் பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுக்கும் வசதி இருந்தால், பிறகு உட்கார்ந்து நிறத்தையும் நிழலையும் சரிசெய்ய நேரம் உள்ளவர்கள் பயன்படுத்துங்கள். இடத்தை நிறைய அடைக்கும்.

கடைசியாக நிலா. எல்லோரும் ஒருமுறையாவது முயன்று ஏமாந்த படம் அது. வானம் கறுப்பு, நிலா சின்ன வட்டம். கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தை ஏற்ற, நிலா வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது. உண்மையில் நிலா, வெயில் காயும் ஒரு பாறை நிலம். இங்கே இரவாக இருந்தாலும் அங்கே பகல். அதனால் பகலுக்கு வைக்கும் அளவுகளைத்தான் வைக்க வேண்டும்.

போனைச் சுவரிலோ ஜன்னல் கட்டையிலோ ஆடாமல் சாய்த்து வையுங்கள். தொலைவுக்கான தனி லென்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண லென்ஸில் நிலாவின் அகலம் படத்தின் அகலத்தில் 1 விழுக்காடு கூட வராது. ஐ.எஸ்.ஓ. 50, இல்லையென்றால் இருப்பதிலேயே சின்ன எண். ஷட்டர் 1/500. ஃபோகஸ், மலைச் சின்னம் இருக்கும் கடைசி முனை வரைக்கும். விரல் படும் அதிர்வு கூட வேண்டாம், 2 நொடி டைமர் போடுங்கள். முதல் படம் இன்னும் வெளுத்திருந்தால் 1/1000. மங்கலாக இருந்தால் 1/250. வானம் திரையில் முழுக்கக் கறுத்துப்போகும், பயப்படாதீர்கள். அந்தக் கறுப்புக்கு நடுவே, இத்தனை நாள் வெறும் வெள்ளையாக விழுந்த வட்டத்துக்குள் சாம்பல் திட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிய வரும்.

வணக்கம்.