பாதங்களின் மேல் ஒரு முட்டை

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் வாழும் நமக்கு ஜூலைக் குளிர் என்பது இன்னொரு போர்வையைத் தேடுவதோடு முடிந்துவிடுகிறது. இதே ஜூலையில், நமக்குத் தெற்கே அண்டார்டிகாவின் உறைந்த கடலின் மேல், மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடிய குளிரில், ஆண் பேரரசப் பெங்குவின்கள் ஆளுக்கொரு முட்டையைப் பாதங்களில் தாங்கி நிற்கின்றன.

கோடையை விட்டுவிட்டு இப்பறவை குளிர்காலத்தில் ஏன் முட்டையிட வேண்டும்? குஞ்சு வளர்ந்து தானாகக் கடலில் இறங்க ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். கடலில் இரை மலிந்திருக்கும் டிசம்பரில் அது இறங்க வேண்டுமானால், மே, ஜூன் மாதங்களிலேயே முட்டை இடப்பட்டாக வேண்டும்.

முட்டையிட்டுக் களைத்த தாய் அதைத் துணையிடம் ஒப்படைத்துவிட்டு இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. ஒப்படைக்கும் அந்த நேரம் ஆபத்தானது. பனியில் உருளும் முட்டையைத் தந்தை அலகால் தன் பாதங்களின் மேல் இழுத்தேற்றி, அடிவயிற்றின் தோல்மடிப்பால் உடனே மூடியாக வேண்டும். ஓரிரு நிமிடம் வெளியில் கிடந்தாலே உள்ளிருக்கும் கரு உறைந்துவிடலாம். பிறகு ஏறத்தாழ 65 நாள் அடைகாப்பு. இனப்பெருக்க இடத்துக்கு வந்ததிலிருந்து கணக்கிட்டால் தந்தை பட்டினி கிடப்பது 115 நாள் வரை நீளும். உடல் எடையில் சுமார் நாற்பது விழுக்காடு கரைந்துபோகும்.

அது எப்படி உயிர் பிழைக்கிறது? சைமன்ஸ் டவுன் கடற்கரையில் நம் ஆப்பிரிக்கப் பெங்குவின்களைப் பார்த்தவர்கள், ஒவ்வொரு சோடியும் தன் வளையைக் காத்து, அருகில் வரும் பறவையைக் கொத்தி விரட்டுவதைக் கவனித்திருப்பார்கள். பேரரசப் பெங்குவினுக்குக் கூடு இல்லை. ஆகவே காக்க வேண்டிய எல்லையும் இல்லை, சண்டையும் இல்லை. முட்டையைச் சுமந்தபடியே நகர முடிவதால், ஒரு சதுர மீட்டரில் பத்துப் பறவைகள் வரை உடலோடு உடல் ஒட்டி நிற்கின்றன. கூட்டத்தின் நடுவே வெப்பம் 37 டிகிரியைத் தொடுவதும் உண்டு. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை அவை எடுத்து வைக்கும் சிற்றடி அலைபோலக் கூட்டம் முழுவதும் பரவுகிறது. காற்றை நேரே வாங்கிய பறவைகள் மெல்ல மறுபுறம் போய்ச் சேர்கின்றன. எந்தத் தலைவனும் இல்லாமல் நடக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தாய் திரும்புமுன் குஞ்சு பொரிந்துவிட்டால், பல வாரம் உண்ணாத தந்தையே தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால் போன்ற நீரை ஊட்டிச் சில நாள் காக்கிறது. திரும்பி வரும் தாய், ஆயிரக்கணக்கான குரல்களுக்கு நடுவே துணையின் குரலை அடையாளம் கண்டு வந்து சேர்கிறது. அதன்பின் இருவரும் மாறிமாறி இரை கொண்டுவருகின்றனர்.

இவை அனைத்தும் டிசம்பர் வரை உடையாமல் நிற்கும் கடற்பனியை நம்பியவை. நீர்புகா இறகு முளைக்குமுன் பனி உடைந்தால் குஞ்சுகள் மூழ்கியோ குளிரில் விறைத்தோ மடிகின்றன. 2022ஆம் ஆண்டு அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்தபோது, அங்கிருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் அந்தப் பருவத்துக் குஞ்சுகள் ஒன்றுகூடத் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தனர்.