விரலுக்கும் விசைக்கும் ஒரே திரை

நேயர்களுக்கு வணக்கம். தொடுதிரையும் விசைப்பலகையும் சேர்ந்த மடிக்கணினி இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒத்துவரும்படி திரையை வடிவமைப்பது நிறுவனங்களுக்கு இன்னும் முழுமையாகக் கைவரவில்லை.

இந்த ஆசை பழையது. 1983-லேயே ஹியூலட் பேக்கர்டு நிறுவனம் எச்பி-150 என்ற தொடுதிரைக் கணினியை விற்றது. திரையின் விளிம்பு நெடுகச் சிறு துளைகள். அவற்றின் வழியே அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் எந்தக் கதிரை மறிக்கிறதோ அதை வைத்துத் தொட்ட இடத்தைக் கணினி அறிந்துகொள்ளும். துளைகளில் தூசி அடைந்ததும் தொல்லை தொடங்கும். நிமிர்ந்து நிற்கும் திரையை நெடுநேரம் தொட்டால் தோளும் கடுக்கும். 2010-இல் ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் இந்தக் கைவலியைக் காட்டித்தான் தொடுதிரை மடிக்கணினி வேண்டாம் என்றார்.

அவர் சொன்னதில் பாதிதான் சரி என்பேன். யாரும் நாள் முழுவதும் திரையைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. கடிதம் தட்டச்சு செய்பவர் நடுவில் ஒரு பொத்தானைத் தொடுகிறார். அடுத்த நொடி விரல்கள் விசைகளுக்குத் திரும்பிவிடுகின்றன.

2012-இல் வந்த விண்டோஸ் 8 இதைக் கணக்கில் கொள்ளவில்லை. தொடுவோருக்காகத் திரை நிறையக் கட்டங்களைப் பரப்பி, பழகிய ஸ்டார்ட் பொத்தானை நீக்கியது. மவுஸ் பிடித்தவர்கள் திரையின் மூலைகளைத் துழாவினார்கள். அடுத்த ஆண்டே பொத்தான் திரும்பியது. 2015-இல் விண்டோஸ் 10, விசைப்பலகையைக் கழற்றினால் திரையின் தோற்றத்தையே மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2021-இல் விண்டோஸ் 11 அதையும் கைவிட்டது. அது வந்த புதிதில், விசைப்பலகையைக் கழற்றினால் ஐகான்களுக்கு இடையே இடைவெளி சற்றே கூடியது, அவ்வளவுதான். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டாமா?

அளவைப் பொறுத்தவரை சிக்கல் குறைவு. பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருந்தால் விரல் தவறாது. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மவுஸின் அம்புக்குறி ஒரு பெயரின் மேல் நின்றாலே பக்கத்தில் 'நீக்கு' என்ற பொத்தான் தோன்றும்படி பலர் வடிவமைக்கிறார்கள். விரலால் அப்படி மேலே நிற்க முடியாது, தொட்டால்தான் உண்டு. ஆக, தொடுபவருக்கு அந்தப் பொத்தான் இல்லவே இல்லை. 2020-இல் ஐபேடுக்கு டச்பேட் வசதி வந்தபோது, ஆப்பிள் அம்புக்குறியை அப்படியே கொண்டுவரவில்லை. விரல்நுனி போன்ற ஒரு வட்டத்தை வைத்தது. பொத்தானை நெருங்கியதும் அந்த வட்டம் பொத்தானின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். அழகான யோசனை.

விசைப்பலகைதான் பாவம், கடைசியில் நினைவுக்கு வருகிறது. உங்களுக்குப் பழக்கமான ஓர் இணையப் படிவத்தைத் திறந்து, டேப் விசையை மட்டும் தட்டிப் பாருங்கள். அடுத்தடுத்த பெட்டிக்கு வரிசையாகப் போக வேண்டும். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதை ஒரு கோடாவது காட்ட வேண்டும். அந்தக் கோடு அழகைக் கெடுக்கிறதென்று அழித்துவிடும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் படிவத்தைத் தாங்களே ஒருமுறை டேப் விசையால் நிரப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நன்றி, வணக்கம்.