இரைச்சலாகப் பதிந்த நிரல்கள்

வணக்கம் நேயர்களே. 1983-ஆம் ஆண்டில் யூகோஸ்லாவியாவின் ‘பெல்கிரேடு 202’ வானொலியில் ஸோரன் மோட்லி என்ற அறிவிப்பாளர் ‘வென்டிலேட்டர் 202’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பாட்டுக்கு நடுவே திடீரென்று சில நிமிடம் வெறும் கீச்சொலியை ஒலிபரப்புவார். கேட்பவர்கள் அதை டேப் ரெக்கார்டரில் பதிந்துகொள்வார்கள். அந்த கேசட்டை வீட்டுக் கணினியோடு இணைத்து ஓடவிட்டால் அந்த இரைச்சல் ஒரு விளையாட்டாகவோ கணக்குப் போடும் நிரலாகவோ திரையில் வந்து நிற்கும். நெதர்லாந்தில் ‘ஹாபிஸ்கூப்’ நிகழ்ச்சியும் இதைச் செய்தது. வானொலி வழியாகவே மென்பொருள் வீட்டுக்கு வந்த காலம் அது.

அன்றைய வீட்டுக் கணினிகள் பலவும் நிரலை ஒலியாகத்தான் சேமித்தன. 1982 ஏப்ரலில் பிரிட்டனில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் அவற்றில் ஒன்று. 16 கேபி நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கேபி உள்ளது 175 பவுண்டு. நடுத்தரக் குடும்பத்தால் வாங்க முடிந்த விலை. அதனால் பதின்வயதுப் பிள்ளைகள்கூட உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். அந்தக் கேசட்டுகளுக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. சிலவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது, சிலவற்றில் காந்தப் பூச்சு உதிர்கிறது. விற்ற கம்பெனிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. இவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

அவர்கள் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஸ்பெக்ட்ரம் கேசட்டை ஓடவிட்டால் முதலில் 800 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சீரான ஒலி சுமார் ஐந்து விநாடி வரும். அப்புறம்தான் தரவு. அது 0, 1 என்ற பிட்டுகளின் வரிசை, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 0 என்றால் அரை மில்லி விநாடி நீளமுள்ள ஓர் அலை, 1 என்றால் அதைப்போல இரு மடங்கு. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் சரிபார்க்க ஒரு பைட் இருக்கும். ஆயிரக்கணக்கான பைட்டுகளில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கணக்கு உதைக்கும், கணினி பிழை என்று சொல்லி நின்றுவிடும். பிழை இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அதனால்தான் ஒரே விளையாட்டின் இரண்டு மூன்று கேசட்டுகளைத் தேடிப் பிடித்து ஒப்பிடுகிறார்கள். ஒன்றில் போன இடம் இன்னொன்றில் நன்றாக இருக்கும்.

கேசட்டைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு ரெக்கார்டரில் பதிவானது என்பதால் ஹெட்டின் சாய்வு லேசாக மாறும். அந்த ஸ்க்ரூவை மயிரிழை அளவு திருப்பினால் மங்கிக் கிடந்த ஒலி பளிச்சென்று தெளியும். படிக்கவே முடியாது என்று ஒதுக்கிய கேசட் இப்படி உயிர் பெற்றுவிடும்.

திருட்டு நகலைத் தடுக்கக் கம்பெனிகள் வைத்த பூட்டுகள் வேறு. அலைகளின் நீளத்தையே மாற்றிப் பதிந்திருப்பார்கள். அந்தப் பூட்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும் என்பது ஆர்வலர்களின் பிடிவாதம். டிஇசட்எக்ஸ் என்ற கோப்பு வடிவம் இதற்காகவே உருவானது. கேசட்டில் ஒலி எந்த வரிசையில், எந்த நீளத்தில் இருந்ததோ அப்படியே அது குறித்துவைக்கும். பூட்டை உடைத்த நகல் விளையாடப் போதும், ஆனால் எழுதியவர் உழைப்பில் பாதி அதில் இல்லை. இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

உரிமைச் சிக்கலையும் பொறுமையாகவே கையாண்டார்கள். 1995-இல் தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்’ களஞ்சியம் உரிமையாளர்களைத் தேடி அனுமதி கேட்டது. மறுத்தவர்களின் நிரல்களை மறுக்கப்பட்டது என்று குறித்துப் பொதுவில் தராமல் வைத்தது. 1986-இல் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், ஸ்பெக்ட்ரத்துக்குள்ளேயே பதிந்திருந்த உள்நிரலை எமுலேட்டர்களோடு, அதாவது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்களோடு, தர 1999-இல் சம்மதித்தது. அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் இன்றைய கணினியில் பழைய நிரலை ஓட்டுவது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

புகழ்பெற்ற விளையாட்டுகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவை எத்தனையோ இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்கு எழுதிய பெருக்கல் பயிற்சி, கடைக்காரர் சரக்குக் கணக்குக்கு எழுதிக்கொண்டது, இவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. நம் நாட்டிலும் 1984-இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. உங்கள் பள்ளியின் பழைய அலமாரியில் கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட் கிடைத்தால், தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை தெரிந்தால் ஓடவிடவே வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், பிளேயரின் ஹெட்டைத் துடைத்து, இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம். மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று அது கழித்துவிடும் ஒலி கணினிக்குத் தேவைப்படலாம். பதிந்த பிறகும் கேசட்டை உறையோடு எடுத்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.