பொறையார் கன்வென்ஷன் போயிட்டு வந்தோம், மூணாம் நாள் பேசுன டீச்சரம்மாவ பத்தி சொல்லியே ஆகணும்

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். ரெண்டு வாரமா வீடியோ காணோமே, என்னாச்சுன்னு கேட்டுட்டே இருந்தீங்க. ஒண்ணும் ஆகல, நல்லாதான் இருக்கேன். நானும் அம்மாவும் பொறையாருக்கு மூணு நாள் கன்வென்ஷன், அதான் கிறிஸ்தவ நற்செய்தி கூட்டம், போயிட்டு வந்தோம், வந்ததுல இருந்து மனசு பூரா அதேதான். நேத்து ராத்திரி தூக்கமே வரல, சரி காலைல முதல் வேலையா உங்ககிட்ட பேசிடுவோம்னு உக்காந்துட்டேன். பின்னாடி குக்கர் சத்தம் வந்தா கண்டுக்காதீங்க.

மொதல்ல இத காட்டிடுறேன். பாருங்க. பைபிள் கவர்! என் பழைய கவர் ஜிப்பு பிஞ்சு போய் ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வச்சிருந்தேன்ல, கிறிஸ்துமஸ் வீடியோல கூட "அக்கா அந்த ரப்பர் பேண்ட மாத்துங்க"ன்னு எத்தன பேர் கமெண்ட் போட்டீங்க. மாத்தியாச்சு. பந்தல் வாசல்ல புக் ஸ்டால் போட்டிருந்தாங்க, அந்த அண்ணன் 240ன்னாரு. நான் 150ன்னேன். "கட்டுப்படியாகாதும்மா, இது டபுள் ஜிப்பு"ன்னாரு. சரின்னு ஒண்ணும் சொல்லாம போயிட்டேன். ரெண்டாம் நாள் போய் சும்மா கையில எடுத்து பாத்துட்டு வச்சேன், 200ன்னாரு. அப்பவும் வாங்கல. மூணாம் நாள் சாயங்காலம் அவரு பெட்டி கட்டிட்டு இருந்தாரு, நேரா போய் 160 ரூபாய எண்ணி கையில குடுத்தேன், "எடுத்துக்கம்மா"ன்னு சிரிச்சிட்டாரு. மெரூன் கலரு, உள்ள பேனா வைக்க ஒரு பாக்கெட்டு, ஓரத்துல தையல் ரெட்டை தையல் பாருங்க, கிட்ட காட்டுறேன். இதே கவரு மாயவரத்துல கடையில நான் விசாரிச்சப்ப 280. இத நெனச்சு நெனச்சு சந்தோஷமா இருக்கு.

சரி விஷயத்துக்கு வரேன். குத்தாலத்துல இருந்து மாயவரம், அங்கேருந்து பொறையார் பஸ்ஸு. வழியெல்லாம் சம்பா அறுப்பு முடிஞ்சு தாளடிக்குள்ள உளுந்து பச்சை பசேல்னு வந்திருக்கு, அம்மா ஜன்னல் சீட்டுல உக்காந்துகிட்டு பேசவே இல்ல, வயலையே பாத்துட்டு வந்தாங்க. அது ஏன்னு எனக்கு மூணாம் நாள்தான் புரிஞ்சுது, அத பின்னாடி சொல்றேன்.

முதல் நாள் சிறப்பு செய்தியாளர் சென்னையில இருந்து வந்தவரு. பேர் சொல்ல மாட்டேன். ஆனா வருத்தத்த சொல்லாம இருக்கவும் முடியல. ஆறு மணிக்கு கூட்டம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு, அவரு மேடைக்கு வரும்போது ஏழே கால். வந்தவரு அரை மணி நேரம் அவரு எந்தெந்த நாட்டுக்கு போனாரு, எந்த ஏர்போர்ட்ல என்ன நடந்துச்சுன்னு. அதுக்கப்புறம் ஒரு வசனம் வாசிச்சாரு, அதுல ரெண்டு நிமிஷம் நிக்கல, அடுத்த வசனம், அடுத்தது, நான் நோட்டுல எழுதறதுக்குள்ள வேற ஆகமத்துக்கு போயிட்டாரு. நடுவுல நடுவுல "பக்கத்துல இருக்கவங்கள பாத்து சொல்லுங்க, பக்கத்துல இருக்கவங்கள பாத்து சொல்லுங்க". நூறு நாள் வேலைக்கு போயிட்டு, வீட்டுக்கு வந்து சோறாக்கி வச்சிட்டு, குளிச்சு ஒரு நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்காங்க அந்த பொம்பளைங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை வேணும். வேதத்துல இருந்து ஒரு வார்த்தை, வீட்டுக்கு எடுத்துட்டு போற மாதிரி. எங்கம்மா முட்டி வலியோட அஞ்சு தடவ எழுந்து நின்னு எழுந்து நின்னு உக்காந்தாங்க, திரும்பி வர்ற பஸ்ல "என்னம்மா கேட்ட"ன்னு கேட்டா "சத்தமா இருந்துச்சு பாப்பா"ன்னாங்க. அவ்ளோதான். எனக்கு அழுகையா வந்துச்சு.

பாட்டும் அன்னைக்கு அப்படித்தான். கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் எல்லாம் வச்சு பசங்க நல்லாதான் வாசிச்சாங்க, ஆனா ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்தவங்களுக்கு நெஞ்சு அதிருது, பாடுறது ஒண்ணு கூட காதுல விழல.

ரெண்டாம் நாள் கேரளால இருந்து ஒருத்தரு, இங்கிலீஷ்ல பேசுனாரு, ஒரு தம்பி தமிழ்ல சொன்னான். 23ஆம் சங்கீதம். நல்லா இருந்துச்சு, அந்த தம்பி சின்ன சின்ன வாக்கியமா அழகா சொன்னான், குறையே இல்ல. மதியம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும். போதும், மூணாம் நாளுக்கு போயிடுறேன்.

மூணாம் நாள் யாருன்னு நோட்டீஸ்ல கடைசியா சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு, போட்டோ கூட போடல. ரிட்டயர்டு தமிழ் டீச்சர், இந்த பக்கத்துக்காரங்கதான். அஞ்சரைக்கே வந்துட்டாங்க. மேடைக்கு போகல, ரெண்டாவது வரிசையில ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, பக்கத்துல இருந்த ஆயாகிட்ட "எந்த ஊரு நீங்க, என்ன வெளச்சல் இந்த வருஷம்"னு கேட்டுட்டு இருந்தாங்க. நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன், கேட்டேன். கையில ஒரு மஞ்சப்பை.

இருங்க, ஒண்ண விட்டுட்டேன். அன்னைக்கு பாட்டு யாருன்னா ஆர்மோனியம் வச்சு ஒரு பெரியவரும் தபேலா ஒருத்தரும், மோகனத்துல ஒரு பழைய கீர்த்தனை, பந்தலே பாடுச்சு. ஒருத்தர் புக்க பாக்கல. எங்கம்மா கண்ண மூடிக்கிட்டு பாடுனாங்க. நமக்கு இதுதான் ஒட்டும்னு நான் எப்பவும் சொல்றேன்ல, தஞ்சாவூர் பக்கம் வளந்தவங்களுக்கு ராகமா பாடுனாதான் உள்ள எறங்கும்.

டீச்சரம்மா மைக்க புடிச்சதும் மொத கேள்வி, "இங்க கதிர் பொறுக்குனவங்க எத்தன பேரு?" அப்படியே அமைதி. அப்புறம் ஒரு கை, ரெண்டு கை, வயசானவங்க கையா மேல வருது. எங்கம்மா கை தூக்குனாங்க. எனக்கு தெரியவே தெரியாது.

அப்புறம் சொன்னாங்க, "இன்னைக்கு பழைய ஏற்பாட்டுல ரூத் புத்தகம். ஏன் ரூத்துன்னா, இங்கேருந்து கூப்பிடு தூரத்துல தரங்கம்பாடி இருக்கு. 1706ல ஜெர்மனிக்கார மிஷனரி சீகன்பால்க் ஐயா அங்க வந்து எறங்குனாரு, தமிழ் படிச்சாரு, 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி முடிஞ்சுது. பழைய ஏற்பாடும் எழுத ஆரம்பிச்சாரு. ஆதியாகமத்துல ஆரம்பிச்சு ரூத் வரைக்கும் வந்தாரு. 1719 பிப்ரவரியில போயிட்டாரு, 36 வயசு. மிச்சத்த பின்னாடி வந்த சூல்ட்சே ஐயாதான் முடிச்சாரு." நான் எத்தன தடவ அந்த புது எருசலேம் ஆலயத்துக்கு போயிருக்கேன், 1718ல கட்டுனது, உங்களுக்கு வீடியோவே போட்டிருக்கேன், உள்ள அவரு கல்லறைக்கு பக்கத்துலயே நின்னு பேசுனேன். அவரு மொழிபெயர்த்தது ரூத்தோட நின்னுச்சுங்கறது எனக்கு தெரியாம போச்சே! அறுப்பு வயல்ல, ஒரு விதவை பொண்ணு கதிர் பொறுக்குற கதையில, நம்ம ஊர்க்காரங்க பேசுற தமிழ காதால கேட்டு எழுதுன மனுஷன் பேனா நின்னிருக்கு. உடம்பு சிலிர்த்துருச்சு.

அச்சு வேலையையும் ஒரு நிமிஷத்துல சொன்னாங்க. ஜெர்மனில ஹாலேன்ற ஊர்ல இருந்து வந்த தமிழ் எழுத்து பெருசு பெருசா இருந்ததால பேப்பர் பத்தல, அதனால இங்கயே சின்ன எழுத்து வார்த்தாங்க, பொறையார் பக்கம் காகிதப் பட்டறையும் போட்டாங்கன்னு. முன்வரிசையில ஒரு தாத்தா "கடுதாசிப்பட்டறை!"ன்னு சத்தமா சொன்னாரு. அந்த பேர்ல எடமே இருக்குல்ல, தினம் அந்த வழியா பஸ்ல போறவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

அப்புறம்தான் மஞ்சப்பைய தொறந்தாங்க. உள்ள ஒரு கைப்பிடி நெல்லுத்தாள், கதிரோட. ரெண்டாம் அதிகாரம். அறுவடையில ஓரத்த ஒட்ட அறுக்காத, சிந்துனத பொறுக்காத, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுடுன்னு லேவியராகமம் 19ல சட்டமே இருக்கு, ஆனா ரூத் கதிர் பொறுக்குன வயலுக்கு சொந்தக்காரரு போவாஸ் சட்டத்தோட நிக்கலன்னு சொன்னாங்க. நம்ம தமிழ் பைபிள்ல "அரி"ன்னே இருக்கும், அதாவது அறுத்து வச்ச கதிரு, அந்த அரியில இருந்து கொஞ்சம் வேணும்னே சிந்த விடுங்க, அவள அதட்டாதீங்கன்னு வேலையாளுங்ககிட்ட சொல்றாரு. டீச்சரம்மா அந்த கைப்பிடிய இடது கையில புடிச்சுக்கிட்டு, நடந்துகிட்டே, வலது கையால ஒண்ணு ஒண்ணா நாலு தாள உருவி கீழ விட்டாங்க. திரும்பி பாக்கல. மைக்குல அந்த சரசரன்னு சத்தம் கேட்டுச்சு. "வாங்குறவளுக்கு தெரியக்கூடாது, தான் உழைச்சு எடுத்ததாதான் அவ வீட்டுக்கு போகணும்"னாங்க.

அவ்ளோதான் எங்கம்மா. முந்தானைய வாயில வச்சு அழுதுட்டாங்க.

ரூத் அன்னைக்கு அடிச்சு எடுத்தது ஒரு மரக்கால்னு தமிழ்ல இருக்கும், எபிரெய மூலத்துல எப்பான்னு ஒரு பழைய அளவு இருக்காம், கிட்டத்தட்ட 22 லிட்டர், நம்ம வீட்டு மரக்கால விட பெருசு. பொறுக்குன கதிர்ல அவ்ளோ வருமான்னு டீச்சரம்மா கேட்டாங்க, பின்னாடி இருந்து ஒரு பாட்டி "யாரோ சிந்துனாதான் வரும்"னாங்க. பிரசங்கம் நடக்கும்போது ஜனங்க பதில் சொல்லி நான் பாத்ததே இல்லங்க. மொத்தம் நாப்பது நிமிஷம். ஒரே அதிகாரம். ஒருத்தர் எழுந்து போகல.

கமிட்டி அண்ணன்மாருக்கு நான் கேக்குறது ஒண்ணுதான். சென்னைல இருந்து வந்தவருக்கு காரு, ஏசி ரூமு, ஆளுயர பிளெக்ஸு. டீச்சரம்மா டவுன் பஸ்ல வந்து டவுன் பஸ்லயே போனாங்க, நானே ஏத்திவிட்டேன். அடுத்த வருஷம் மொத நாளே அவங்கள போடுங்க, மூணு நாளும் அவங்களே பேசட்டும், ரூத் நாலு அதிகாரமும் நடத்தட்டும். அவங்க பேர நோட்டீஸ்ல பெருசா போடுங்க.

ராத்திரி பஸ்ல அம்மா சொன்னாங்க. எட்டு வயசுல அவங்க பாட்டியோட கதிர் பொறுக்க போவாங்களாம். சில வயல்ல வெரட்டுவாங்களாம். ஒரு வயல்ல மட்டும் ஒரு பெரியவரு, கட்டு தூக்கிட்டு போறப்ப பாட்டி நிக்கிற பக்கமா வந்து கொஞ்சம் உதறிட்டு போவாராம். "கட்டு சரியா கட்டல போலன்னு நெனச்சேன் பாப்பா, இத்தன வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்"னாங்க. அதுக்கு மேல பேசல.

அந்த வயலு எங்க இருக்குன்னு கேட்டேன், குத்தாலத்துல இருந்து நடக்குற தூரம்தானாம். இப்ப அங்கயும் உளுந்து போட்டிருக்காங்களாம். நாளைக்கு காலைல வெயிலுக்கு முன்னாடி கூட்டிட்டு போறேன்னு சொல்லிருக்காங்க, போன சார்ஜ் போடணும். குக்கர் மூணாவது விசில், போறேன் இருங்க.